ஜப்பானிய வகுப்பில் ஒரு தமிழ் நோட்டு

விருப்பப் பாடமாக ஜப்பானியம் எடுக்கலாமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எடுக்கலாம். வீட்டில் தமிழ் பேசுகிறவர்களாக இருந்தால் கண்டிப்பாக எடுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் முதல் நாளிலிருந்தே செய்யுங்கள். ஜப்பானிய வாக்கியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ப் புரிந்துகொள்ளாமல், நேரே தமிழுக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் விளக்கமெல்லாம் ஆங்கிலம், வகுப்பு நடந்ததும் ஆங்கிலத்தில்தான். அதனால் எல்லாரும் ஆங்கிலம் வழியாகவே யோசிக்கப் பழகிவிடுகிறோம். தொடக்க நிலை ஜப்பானியத்தில் வரும் சிரமத்தில் பெரும்பகுதி அந்தச் சுற்றுவழியால் வருகிறது என்பது என் அழுத்தமான எண்ணம்.

எங்களுடையது பேச்சுப் பயிற்சிக்கான பாடம். எழுதுவது குறைவு, வாயைத் திறப்பது அதிகம். வகுப்பு தொடங்கும்போது எல்லாரும் சேர்ந்து "ஒனெகாய்ஷிமஸ்" என்போம், முடியும்போது "அரிகதோ கொஸாய்மஷ்த" என்போம். நடுவில் பாதி நேரம் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பேச வேண்டும். அறிமுகம் செய்துகொள்வது, வழி கேட்பது, கடையில் விலை கேட்பது, மணி கேட்பது, நண்பரைப் படத்துக்குக் கூப்பிடுவது, கூப்பிட்டவரிடம் வரமுடியாது என்று நயமாகச் சொல்வது. எங்கள் சென்செய், அதாவது ஆசிரியர், ஜப்பானியர். தமிழ் தெரியாது. நான் நோட்டின் ஓரத்தில் தமிழில் எழுதி வைப்பதைப் பார்த்து, அது என்ன, எப்படி வாசிப்பது என்று ஆர்வமாகக் கேட்பார்.

அந்த ஓரக் குறிப்புகள் தொடங்கியது இந்த ஒரு வாக்கியத்தில்தான்:

வதஷி வ / கினோ / தொஷொகன் தெ / தொமொதச்சி தொ / ஹொன் ஒ / யொமிமஷ்த.

நான் / நேற்று / நூலகத்தில் / தோழியோடு / புத்தகத்தை / படித்தேன்.

ஒரு துண்டைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. 'தெ' என்பது நம்முடைய 'இல்', 'தொ' என்பது 'ஓடு', 'ஒ' என்பது 'ஐ'. மூன்றும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்து ஒட்டுகின்றன, வினை கடைசியில் நிற்கிறது. ஆங்கில விளக்கத்தில் இதற்கு இரண்டு பக்கம். "வினையைத் தூக்கிக் கடைசியில் போடுங்கள், முன்னால் வரும் சொல்லைப் பின்னால் போடுங்கள்" என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த வேலை நமக்குத் தேவையே இல்லை. வேற்றுமை உருபு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதுதான் இது.

இதைப் பிடித்துக்கொண்டால் அடுத்தடுத்து வருவதெல்லாம் வரிசையாக விழுகிறது. கேள்வி கேட்க வாக்கியத்தின் கடைசியில் 'க' சேர்ப்பார்கள், நாம் 'ஆ' சேர்க்கிறோம். "தபெமஷ்த க?" என்றால் "சாப்பிட்டீங்களா?" 'மொ' என்பது 'உம்'. வதஷி மொ என்றால் நானும். இந்த 'மொ'வைக் கேள்விச் சொல்லோடு சேர்த்தால் நடப்பதைப் பாருங்கள். 'தரெ' என்றால் யார். "தரெ மொ இமசென்" என்றால் யாரும் இல்லை. அதே 'தரெ'யோடு 'க' சேர்த்தால் 'தரெ க', அதாவது யாரோ. யார், யாரும், யாரோ. தரெ, தரெ மொ, தரெ க. ஆங்கிலத்தில் இந்த மூன்றும் மூன்று தனிப் பாடம். நமக்கு ஒரே பாடம். அப்புறம், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும்போது வரும் 'தொ'. "அஷ்த குரு தொ ஈமஷ்த." நாளைக்கு வரேன்னு சொன்னார். அந்த 'ன்னு' இருக்கிற இடத்தில் அச்சாக 'தொ' இருக்கிறது.

பாடத்தின் கடைசிப் பகுதியில் பெயரெச்சம் மாதிரியான அமைப்பு வருகிறது. "கினோ கத்த ஹொன்." நேற்று வாங்கின புத்தகம். ஆங்கிலத்தில் புத்தகத்தை முதலில் சொல்லிவிட்டு, நடுவில் ஓர் இணைப்புச் சொல்லைப் போட்டு, அப்புறம் வாங்கியதைச் சொல்ல வேண்டும். வகுப்பில் பலர் இந்த இடத்தில்தான் திணறினார்கள். பெரும்பாலானவர்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்! தமிழ் தெரிந்த ஒருவர் "நேற்று வாங்கின புத்தகம்" என்பதை ஆங்கிலத்துக்கு மாற்றி, அந்த ஆங்கிலத்தை ஜப்பானியத்துக்கு மாற்ற முயல்வதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

சுட்டுச் சொற்கள் இன்னும் அழகு. கொரெ, சொரெ, அரெ, தொரெ. கொகொ, சொகொ, அசொகொ, தொகொ. 'கொ' என் பக்கத்தில் இருப்பது, 'சொ' உன் பக்கத்தில் இருப்பது, 'அ' இரண்டு பேருக்கும் தள்ளி இருப்பது, 'தொ' கேள்வி. நம் இலக்கணத்திலும் சுட்டு எழுத்து மூன்று: அ, இ, உ. இங்கே, அங்கே, எங்கே என்று பேசுகிறவர்களுக்கு நடுவில் இருக்கும் 'உங்கே' பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. உது, உங்கை, உவர் என்று சாதாரணமாகப் பேசுவார்கள். எங்கள் வகுப்பில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். கொ, சொ, அ பயிற்சியில் அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மேஜையில் எதிரே இருப்பவரின் பேனாவைக் காட்டி மற்றவர்கள் 'கொரெ'யா 'அரெ'யா என்று தடுமாறும்போது அவன் பாட்டுக்கு "சொரெ" என்று சொல்லிவிட்டுப் போனான். "உது" என்று மனதில் வைத்துக்கொள் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தான். அதற்குப் பிறகு எனக்கும் குழப்பமே இல்லை.

இந்த மாதிரி ஒற்றுமைகளைச் சொன்னவுடன் "அப்போ இரண்டும் ஒரே குடும்பமா?" என்று கேட்பார்கள். ஓனோ சுசுமு என்ற புகழ்பெற்ற ஜப்பானிய மொழி அறிஞர், 1919இல் பிறந்து 2008இல் காலமானவர், தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் தொடர்பு உண்டு என்று பல வருடங்கள் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவது, ஒட்டுகள் பின்னால் வந்து சேர்வது எல்லாம் கொரிய மொழியிலும் துருக்கியிலும் மங்கோலியத்திலும்கூட உண்டு. இதை வைத்து உறவு கொண்டாட முடியாது. எனக்கு அந்த விவாதத்தில் பெரிய ஆர்வமும் இல்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், படிக்கிறவருக்கு அந்த ஒற்றுமை கையில் இருக்கும் சொத்து. அதைப் பயன்படுத்தாமல் விடுவதில்தான் எனக்கு வருத்தம்.

சரி, உச்சரிப்புக்கு வருவோம். இங்கே தமிழ் நிறையவே உதவும், ஓர் இடத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

உதவுவது குறில், நெடில், ஒற்று. "கிதெ குதசாய்" என்றால் வாருங்கள். "கித்தெ குதசாய்" என்றால் வெட்டுங்கள். "கீதெ குதசாய்" என்றால் கேளுங்கள். பல மொழிக்காரர்கள் இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கவே ரொம்ப நாள் பயிற்சி எடுக்க வேண்டும். படம், பட்டம், பாடம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்ந்த நமக்கு அந்தக் காது ஏற்கெனவே இருக்கிறது. மாத்திரைக் கணக்கும் அப்படியே. தோக்யோ என்ற ஊர்ப்பெயர் அவர்கள் கணக்கில் நான்கு மாத்திரை: தொ, ஒ, க்யொ, ஒ. நாம் அதை இரண்டு நெடில் என்போம், ஆளுக்கு இரண்டு மாத்திரை, மொத்தம் நான்கு. ஒற்றில் மட்டும் கணக்கு மாறுகிறது. நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை. அவர்களுக்கு நடுவில் நிற்கும் ஒற்றுக்கும் ஒரு முழு மாத்திரை உண்டு. அதனால் 'கித்தெ' சொல்லும்போது அந்த 'த்'தில் நாம் வழக்கமாக நிற்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும். 'தெஸ்', 'மஸ்' என்று நான் எழுதுவதன் கடைசியில் உண்மையில் ஓர் உகரம் உண்டு. அது குறுகிக் குறுகிக் காதில் விழாத அளவுக்குப் போய்விடுகிறது. குற்றியலுகரம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கவனமாக இருக்க வேண்டிய இடம், க, த, ப வரிசை. நம் எழுத்தில் ஒரு 'த'தான். ஜப்பானியத்தில் அழுத்தமான 'த' வேறு, தொண்டை அதிரும் 'த' வேறு. பல்கலைக்கழகம் என்பதற்கான சொல்லையும், படிப்பைப் பாதியில் விட்டு விலகுவது என்பதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'தைககு'தான். தங்கமும் வெள்ளியும் 'கின்'. வானிலையும் மின்சாரமும் 'தென்கி'. 'மறுபடியும்' என்பதும் 'இன்னும் இல்லை' என்பதும் 'மத'. அறிமுகப் பேச்சில் "நான் கல்லூரி மாணவி" என்று சொல்லும் முதல் வாக்கியத்திலேயே இது வந்துவிடுவதால் சென்செய் இதை விடவே மாட்டார்.

அவர் வைத்த பயிற்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. பாடப்புத்தகத்தை விரித்து வாயை மறைத்துக்கொள்வார், உதடு தெரியாது. "கின்" என்பார். தங்கம் என்று கேட்டால் வலது கையைத் தூக்க வேண்டும், வெள்ளி என்றால் இடது கை. கண்ணை மூடிக்கொண்டு தூக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தூக்கக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்து வேகத்தைக் கூட்டுவார். பிறகு நாங்கள் சொல்ல, அவர் கையைத் தூக்குவார். நாம் வெள்ளி என்று நினைத்துச் சொன்னதற்கு அவர் வலது கையைத் தூக்கினால் மறுபடியும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கையைத் தொண்டையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வெள்ளிக்கு முதல் எழுத்திலேயே தொண்டை அதிரும், தங்கத்துக்கு அந்த எழுத்து முடிந்த பிறகுதான் அதிரும்.

நான் இதற்கும் தமிழிலேயே ஒரு வழி கண்டுபிடித்தேன். தேன் என்று சொல்லிப் பாருங்கள். தேசம் என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் 'தே'தான், ஆனால் வாய் இரண்டையும் ஒரே மாதிரி சொல்வதில்லை. தை மாதத்தின் 'தை' வேறு, தைரியத்தின் 'தை' வேறு. தென்றல் வேறு, தெய்வம் வேறு. கிளி வேறு, கிரகம் வேறு. அப்படியானால் நம் வாய்க்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், எழுத்துதான் அதைக் காட்டுவதில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தைரியத்தின் தை. வானிலைக்குத் தென்றலின் தெ, மின்சாரத்துக்குத் தெய்வத்தின் தெ. தங்கத்துக்குக் கிளி, வெள்ளிக்குக் கிரகம். இப்படி எழுதி வைத்துக்கொண்ட பிறகு அந்தக் கைதூக்கும் பயிற்சி எனக்கு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. இதனால்தான் இன்னொன்றும் சொல்கிறேன்: விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள், ஜப்பானியச் சொல்லை மட்டும் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். ஜப்பானியம் படிக்கத் தொடங்கும்போது முதலில் கற்கும் எழுத்து வரிசையான ஹிரகானாவின் அடிப்படை எழுத்துகள் 46தான். 247 எழுத்து படித்தவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இந்தப் பதிவில் வாசிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, 'தெ' வடிவம். ஜப்பானிய வினைச்சொல்லை இன்னொரு வினையோடு சேர்க்க வேண்டுமானால் அதன் கடைசியை 'தெ' என்று மாற்றுவார்கள். தபெரு, தபெதெ. கொஞ்சம் சிக்கலான விதிகள் உண்டு. சில வினைகளில் 'த்தெ', சிலவற்றில் 'ன்தெ', சிலவற்றில் 'இதெ'. வகுப்பில் இதை ஒரு மெட்டுப் போட்டுப் பாட்டாகவே பாடவைத்தார்கள். தொடக்க நிலையில் எல்லாரும் பயப்படும் பாடம் இது. ஆனால் இது வேறு ஒன்றும் இல்லை, வினையெச்சம். செய்து, வந்து, கேட்டு, நின்று, எழுதி, போய். நம்முடைய வினையெச்சமும் ஒரே விதியில் அடங்குவதில்லையே! கேள் என்பது கேட்டு என்று ஆகும், நில் என்பது நின்று என்று ஆகும், எழுது என்பது எழுதி என்று ஆகும். அதையெல்லாம் மூன்று வயதில் கற்றுக்கொண்டவர்கள் நாம்.

விதி ஒருபுறம் இருக்கட்டும். அந்த 'தெ'க்குப் பின்னால் என்ன வருகிறது என்பதுதான் ஆச்சரியம்.

தபெதெ மிமஸ். 'மிரு' என்றால் பார். சாப்பிட்டுப் பார்க்கிறேன். முயற்சி செய்து பார்ப்பதைச் சொல்ல அவர்களும் 'பார்' என்ற அதே வினையைத்தான் பின்னால் வைக்கிறார்கள். கத்தெ ஒகிமஸ். 'ஒகு' என்றால் வை. வாங்கி வைக்கிறேன். வஸுரெதெ ஷிமைமஷ்த என்றால் மறந்துவிட்டேன், நம்முடைய 'விடு' செய்யும் வேலையை அங்கே 'ஷிமவ்' செய்கிறது. மொத்தெ குரு, கொண்டு வா. மொத்தெ இகு, கொண்டு போ. மிதெ இமஸ், பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அந்த 'இமஸ்' எந்த வினையிலிருந்து வருகிறது தெரியுமா? 'இரு'. உயிருள்ளவை இருப்பதைச் சொல்லும் ஜப்பானிய வினை அதே ஒலியில் 'இரு'தான். ஒலி ஒத்துப்போவது தற்செயலாக இருக்கலாம், ஆனால் நினைவில் வைக்க இதைவிட வசதி வேண்டுமா?

வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர்கள் சொல்வது "இத்தெ கிமஸ்". இத்தெ, போய். கிமஸ், வருகிறேன். போய்ட்டு வரேன். வீட்டில் இருப்பவர் "இத்தெ ரஷ்ஷாய்" என்பார். போய்ட்டு வாங்க. பாடப்புத்தகத்தில் இதற்கு ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம் இருந்தது, கிளம்பும்போது சொல்வது என்று. அவ்வளவுதான். அதைப் படித்த பலரும் அர்த்தம் பிரிக்காமல் மொத்தமாக மனப்பாடம் செய்தார்கள். நான் சென்செய்யிடம் போய், தமிழிலும் கிளம்பும்போது இப்படியே போய் வருகிறேன் என்றுதான் சொல்வோம் என்று விளக்கினேன். "போய்ட்டு வரேன்" என்று அவரைச் சொல்லவைத்தேன். 'போய்' என்பது 'இத்தெ', 'வரேன்' என்பது 'கிமஸ்' என்று விரல் விட்டுப் பிரித்துக் காட்டினேன். மறுநாள் வகுப்பு முடிந்து நாங்கள் கிளம்பும்போது அவரே தமிழில் "போய்ட்டு வாங்க" என்றார். வகுப்பே கைதட்டியது.

இன்னொரு விஷயம், கொடுப்பது. எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ ஒருவர் கொடுத்தால் 'குரெரு', நான் அடுத்தவருக்குக் கொடுத்தால் 'அகெரு'. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் இந்த இரண்டும் பெரிய தலைவலியாகப் பேசப்படும். நம் பழைய இலக்கணம் 'தா' என்பதைத் தன்மைக்கும் முன்னிலைக்கும், 'கொடு' என்பதைப் படர்க்கைக்கும் என்று பிரித்து வைத்திருக்கிறது. எல்லை கொஞ்சம் வேறுதான், முழுதாகப் பொருத்த முடியாது. ஆனாலும் பேசும்போது அந்த உணர்வு நம்மிடம் இருக்கிறது. ஒஷியெதெ குரெமஸ்: சொல்லித் தருகிறார். கைதெ அகெமஸ்: எழுதிக் கொடுக்கிறேன். வினையெச்சம் முன்னால், தா அல்லது கொடு பின்னால். இதைக் கண்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, பேச்சு வகுப்பில் நான் கற்றுக்கொண்ட மிகப் பெரிய விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அது பேசுவதைப் பற்றியதல்ல, கேட்பதைப் பற்றியது.

ஜோடிப் பயிற்சி. விடுமுறையில் என்ன செய்தாய் என்று ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் கேட்க வேண்டும். என் தோழியிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, மரியாதையாக, வாயைத் திறக்காமல் முழுக் கவனத்தோடு கேட்டாள். சென்செய் எங்கள் பக்கம் வந்து நின்றார். என்னைத் திருத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தோழியைப் பார்த்து மெதுவாக, "கீதெ இமஸ் க?" என்றார். கேட்டுக்கொண்டு இருக்கிறீர்களா? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டுக்கொண்டுதானே இருக்கிறாள்!

அப்புறம்தான் விளக்கினார். ஜப்பானியப் பேச்சில் கேட்கிறவர் சும்மா இருக்கக்கூடாது. "ஹாய்" (ஆமாம்), "ஏ", "அ, சோ தெஸ் க", "சோ தெஸ் நே" என்று நடுநடுவே ஒலி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சொல்கிறவருக்குச் சங்கடமாகிவிடும், கவனிக்கிறார்களா இல்லையா என்று தடுமாறி நின்றுவிடுவார். தொலைபேசியில் நீங்கள் கொஞ்சம் அமைதியாக இருந்தாலே மறுமுனையிலிருந்து "மொஷி மொஷி?", அதாவது "ஹலோ?" என்று குரல் வரும். இந்த "ஹாய்"க்கு சம்மதம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். கேட்கிறேன், மேலே சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அவர் நகர்ந்ததும் தோழி என் பக்கம் திரும்பி, "கதை கேக்கும்போது உம் கொட்டுவோமே, அதுதானேடி இது!" என்றாள்.

அதேதான். அதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. ஜப்பானியத்தில் இதற்கு 'ஐஸுச்சி' என்று பெயர். பட்டறையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறிச் சுத்தியல் அடிப்பதிலிருந்து வந்த சொல். ஐஸுச்சியை 'அடிப்பது' என்றுதான் அவர்கள் சொல்வார்கள், நாம் 'கொட்டுகிறோம்'.

எங்கே கொட்ட வேண்டும் என்பதிலும் தமிழ்தான் கைகொடுத்தது. அவர்கள் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். "கினோ நே" என்று நிறுத்துவார்கள், நீங்கள் "ஹாய்" என்க வேண்டும். "தொஷொகன் தெ நே" என்று நிறுத்துவார்கள், மறுபடியும் "ஹாய்". நாமும் அப்படித்தானே கதை சொல்கிறோம்? நூலகத்துக்குப் போனேனா... ம்... உள்ளே நுழைஞ்சேனா... ம்... அங்கே அவ உட்கார்ந்திருந்தாளா... ம்ம், அப்புறம்? அந்த 'போனேனா' ஒரு கேள்வியே அல்ல, நீங்கள் 'ம்' சொல்வதற்காக விட்ட இடைவெளி. "நே"யும் அதே இடைவெளி. ஆச்சரியமான விஷயம் சொன்னால் "அ, சோ தெஸ் க". பிரித்தால் சோ என்பது அப்படி, க என்பது ஆ. அப்படியா! ராகம்கூட நாம் சொல்லும் அப்படியா மாதிரியே கடைசியில் இறங்குகிறது.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் அதே கதையைச் சொன்னேன். தோழி ஒவ்வொரு நிறுத்தத்திலும் உம் கொட்டினாள். என் ஜப்பானியம் கொஞ்சம்கூட மாறவில்லை, அதே சொற்கள், அதே வாக்கியங்கள். ஆனால் பேச்சு பேச்சாக ஓடியது. நான் சொல் தேடி "ஏதோ..." என்று இழுக்கும்போது அவளுடைய "ஹாய்" எனக்கு நேரம் கொடுத்தது. அந்த 'ஏதோ'கூட ஜப்பானியம்தான். யோசிக்கும்போது இழுக்கும் ஒலி, நம்முடைய 'வந்து...' மாதிரி.

மறுப்பதும் இதே வகை. நாளைக்கு வரியா என்று கேட்டால் அவர்கள் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "அஷ்த வ சொத்தொ..." என்று இழுத்து விட்டுவிடுவார்கள். நாளைக்குக் கொஞ்சம்... அவ்வளவுதான், வாக்கியம் முடிந்துவிட்டது. கேட்டவருக்குப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள் காரணம் சொல்லி வாக்கியத்தை முடிக்கப் பார்ப்பார்கள். "நாளைக்குக் கொஞ்சம்..." என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு அந்த இழுவை தானாக வரும்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன, அவற்றை மறைக்கக்கூடாது. படித்தேன், படித்தாய், படித்தாள் என்று நம் வினையிலேயே ஆள் தெரியும், அதனால் 'நான்' என்பதை விட்டுவிடலாம். ஜப்பானியர்களும் விட்டுவிடுவார்கள், ஆனால் வினையில் ஆள் தெரியாது. எல்லாருக்கும் "யொமிமஷ்த"தான். யார் படித்தார் என்பதைப் பேச்சின் போக்கிலிருந்து பிடிக்க வேண்டும், அதற்குக் காதைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 'வதஷி வ' என்பதில் வந்த 'வ', தொண்டை அதிரும் 'க' (கேள்விக்கு வரும் 'க' வேறு) என்ற இரண்டு ஒட்டுகளில் எது எங்கே என்பதும் நெடுநாள் வேலை. 'யார்' என்ற கேள்விக்குப் பதிலாக வரும் 'க'வை 'நான்தான்' என்பதில் வரும் 'தான்' போல நினைத்துக்கொண்டால் பாதி தூரம் போகலாம், மீதியைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். பெயரடையும் காலம் காட்டும் என்பது இன்னொன்று. விலை அதிகம் என்பதற்குத் 'தகாய்', அதிகமாக இருந்தது என்பதற்குத் 'தககத்த'. நம் குறிப்பு வினையில் காலம் வெளிப்படையாகத் தெரியாதே, அதனால் இது புதிதாக இருக்கும். பழகிவிடும்.

எண்களுக்குப் பயப்பட வேண்டாம். ஆயிரத்துக்கு மேலே அவர்களுக்குப் பத்தாயிரம் ஓர் அலகு, அதன் பெயர் 'மன்'. லட்சம் என்றால் பத்து மன், பத்து லட்சம் நூறு மன், கோடி ஆயிரம் மன். 300, 600, 800 மூன்றும் ஒலி மாறும்: சன்ப்யகு, ரொப்ப்யகு, ஹப்ப்யகு. தேதியில் நான்காம் தேதி 'யொக்க', எட்டாம் தேதி 'யோக'. குறில் நெடில் காது இங்கே மறுபடியும் வேலைக்கு வரும்.

பெயரோடு 'சன்' சேர்ப்பது, தன் பெயரோடு மட்டும் சேர்க்காமல் இருப்பது, எதிரில் இருப்பவரை 'நீங்கள்' என்பதற்குப் பதிலாகப் பெயரையோ சென்செய் என்றோ சொல்லி அழைப்பது எல்லாம் எளிது. முன்பின் தெரியாதவரையும் வயதைப் பார்த்து மாமா, அத்தை என்பது போல ஒஜிசன், ஒபசன் என்பார்கள். தன் அம்மாவை வெளியாளிடம் சொல்லும்போது 'ஹஹ', அடுத்தவருடைய அம்மாவைச் சொல்லும்போது 'ஒகாசன்'. இதை மட்டும் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள்.

தேர்வு எழுதுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். 1984இல் தொடங்கிய ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 2010 முதல் ஐந்து நிலைகளாக நடக்கிறது. அடிப்படை நிலை என்5. சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் எல்லாம் அதில் உண்டு, பேசுவது இல்லை. எந்த நிலையிலும் இல்லை. அதனால் அந்தத் தேர்வுக்காகப் படிப்பவர்கள் வாயைத் திறக்காமலே மேலே போய்விடலாம். வேலைக்கு அந்தச் சான்றிதழ் தேவை என்றால் எழுதுங்கள், நானும் எழுதுவேன். ஆனால் பேச்சு வகுப்பை அதற்காக விட்டுவிடாதீர்கள். எதிரில் ஒருவர் உட்கார்ந்து உம் கொட்டக் கிடைக்கும் இடம் வேறு எங்கேயும் இல்லை.

ஜோடி சேரும்போது தமிழ் பேசுகிற ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நானும் தோழியும் செய்யும் பயிற்சி இதுதான். அவள் சாதாரணமாகப் பேசுகிற தமிழில் ஒரு வரி சொல்வாள், நான் அதே வரிசையில் ஜப்பானியத்தில் சொல்ல வேண்டும். ஆங்கிலம் வாய்க்கு வந்தால் முறை மாறிவிடும். "நேத்து வாங்கின புத்தகத்தைப் படிச்சுப் பாத்தேன்." "நாளைக்கு யாரும் வரலைன்னு சொன்னார்." "சென்செய் சொல்லித் தந்தாங்க, நானும் எழுதிப் பாத்தேன்." தொடக்க நிலைப் பாடம் முடிந்தவர்களால் இந்த மூன்றையும் சொல்ல முடியும். சொல்லி முடிக்கும்வரை தோழி உம் கொட்டிக்கொண்டே இருப்பாள், அதுவும் ஜப்பானியத்தில்தான் இருக்க வேண்டும்.